66 வயதில் ஹெரால்டு: கனத்த ஸ்டீயரிங், கனத்த கிளட்ச், மங்கிய விளக்கு

முன் சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்திவிட்டு, லக்கேஜ் தராசின் கொக்கியை ஸ்டீயரிங் வளையத்தில் மாட்டி இழுத்தால், தை மாதத்தில் 3.8 கிலோ காட்டியது. இப்போது 900 கிராம். இடையில் செய்த வேலைகளை எழுதி வைக்கிறேன். ஹெரால்டு கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும். வண்டியோடு சேர்ந்து தனக்கும் வயதாகிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக உதவும்.

வண்டி 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் செய்தது. 1987-ல், எனக்கு 28 வயதாக இருந்தபோது வாங்கினேன். அன்றிலிருந்து வேலூர் சத்துவாச்சாரி வீட்டில்தான் நிற்கிறது. இதையெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று சிலர் கேட்பார்கள். இதே சட்டகத்தைக் குறுக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரயம்ப் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடின. எனக்கு அது போதும். அந்த ஸ்பிட்ஃபயர் சொந்தம் இந்த வேலையில் கைகொடுத்தும் விட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வருடமாக மூன்று தொல்லைகள். ஸ்டீயரிங் திருப்பினால் தோள் வலி. கிளட்ச் மிதித்தால் இடது முட்டி வலி. ராத்திரியில் ரோடு தெரியவில்லை. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: வயசாயிடுச்சு, வித்துடுங்க. வீட்டில் சொன்னார்கள், தம்பி சொன்னான், தோளைப் பார்த்த டாக்டரும் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. சர்க்கரை இருப்பவர்களுக்கு வரும் தோள் இறுக்கம் எனக்கும் வந்திருந்தது. சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் 58 வயது வண்டிக்கும் மூட்டு உண்டு, அதற்கும் இறுக்கம் வரும். என் உடம்பை அளக்க என்னிடம் கருவி இல்லை, வண்டியை அளக்க இருக்கிறது. ஆகவே முதலில் வண்டி. அதில் பழுது இல்லை என்று ஆனபிறகு பழியை என் மேல் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ஸ்டீயரிங்கில் ஆரம்பித்தேன். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரம் இரண்டும் அந்தரத்தில் இருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். தரையில் நிற்கும்போது கனமாக இருப்பது இயல்பு. அந்தரத்தில் ஒரு விரலால் சுற்ற வேண்டும், ஆனால் இரண்டு கையும் தேவைப்பட்டது. அப்போதுதான் லக்கேஜ் தராசு நினைவுக்கு வந்தது. மகள் ஊருக்குப் போகும்போது பெட்டி தூக்கிப் பார்க்க வாங்கியது, 350 ரூபாய். வளையத்தின் ஓரத்தில் கொக்கி, நேர்க் குறுக்கே இழுப்பு, 3.8 கிலோ. இதில் என் தோளுக்குப் பங்கே இல்லை.

அடுத்து எங்கே இறுக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் முனைகளை இரண்டு பக்கமும் கழற்றினேன். இப்போது ஸ்டீயரிங் தனியாக வெண்ணெய் மாதிரி சுற்றியது. வலது சக்கரத்தைக் கையால் தள்ளினால் கொஞ்சம் முரண்டு பிடித்துத் திரும்பியது. இடது சக்கரம் அசையவே இல்லை, டயரைக் கட்டிப்பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

ஹெரால்டு தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே விடை தெரிந்திருக்கும். டிரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு கட்டைக்குள் திருகாணி போலச் சுழலும். அதற்கு எண்ணெய்தான் விட வேண்டும், ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது மரைக்குள் போய்ச் சேராது, காய்ந்து கெட்டியாகி மேலே அடைத்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் தங்கித் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் முறியும், சக்கரம் மட்டும் தனியாக மடங்கிப் படுத்துவிடும். கிரீஸ் கன்னைப் பார்த்தாலே எல்லா நிப்பிளிலும் அடித்துவிடுவது நம் பட்டறைகளின் பழக்கம். முன்பு சர்வீஸுக்கு விட்ட ஓர் இடத்தில் இதற்கும் அடித்திருக்கிறார்கள். பிளக்கைத் திறந்தால் கறுப்பு மெழுகு போல ஒன்று வந்தது, ஸ்க்ரூடிரைவரால் தோண்டித்தான் எடுத்தேன்.

இங்கே ஹெரால்டின் ஒரு சௌகரியத்தைச் சொல்ல வேண்டும். பானெட் மட்டும் திறக்காது, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுதும் மூக்கை நோக்கிக் கவிழும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை செய்யலாம். 30 வயதில் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வயதில் கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே கழற்றி (ஹெரால்டில் அது உள்ளே வழியாகத்தான் வரும்), மார்பில் அணைத்துத் தனியாளாகத் தூக்கி வெளியே வைத்திருக்கிறேன். இப்போது குனிய முடியாத முதுகுக்கு இந்தக் கவிழ்கிற முகப்பைப் போல ஒரு உபகாரம் கிடையாது. வேறு எந்தப் பழைய வண்டி வைத்திருந்தாலும் 60-க்கு மேல் நானே ஸ்பேனர் பிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

டிரன்னியன் கழற்றுவதற்குத் தம்பி மகன் வந்தான். 24 வயது, காட்பாடியில் வேலை. கூடவே என் பழைய மெக்கானிக் பாய். அவர் என்னைவிட மூத்தவர். இப்போது அவர் ஸ்பேனர் தொடுவதில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். வேலூரில் ஹெரால்டைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் என்று தேடினால் எல்லோரும் இந்த வயதுக்காரர்கள்தான். பட்டறைப் பையன்களிடம் இருப்பது எல்லாம் எம்எம் ஸ்பேனர், ஹெரால்டுக்கு அங்குல ஸ்பேனர் வேண்டும். என் அங்குல செட் 1980-களில் வாங்கியது. 9/16-ம் 5/8-ம் மட்டும் வாய் தேய்ந்திருந்தன, புதிதாக வாங்கினேன்.

எதிர்பார்த்த இடத்தில் மாட்டியது. சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கீழ்க்கையோடு டிரன்னியனைப் பிடிக்கும் போல்ட், அதன் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டுவிட்டது. ராத்திரி முழுக்கத் துருநீக்கும் எண்ணெயில் ஊறவிட்டோம். சூடு காட்டினோம். சுத்தியலால் தட்டினோம். நட்டு கழன்றது, போல்ட் நகரவில்லை. "பெரியப்பா, கிரைண்டர் கொண்டாரட்டா?" என்றான். பக்கத்திலேயே ரப்பர் பிரேக் ஹோஸ் இருந்தது, பொறி பட்டால் அதுவும் போகும், வேண்டாம் என்றேன். கைப்பிடி இல்லாத ஹாக்ஸா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்து, டிரன்னியனுக்கும் கீழ்க்கைக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைத்து இருபுறமும் அறுத்தோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு பிளேடு தேய்ந்தது. அவன் அறுத்தான், நான் எண்ணெய் விட்டேன், பாய் நேராகப் போகிறதா என்று பார்த்தார். சக்கர அச்சை அப்படியே கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டோம், பிரேக் ஹோஸில் பாரம் இறங்கக் கூடாது.

கழற்றிய தண்டுகளை ராணிப்பேட்டையில் இருக்கும் நண்பரிடம் எடுத்துப் போனேன். பெல் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஸ்பிரே டின்கள், சேர்த்து 1,100 ரூபாய். தண்டை நன்றாகத் துடைத்துவிட்டு, விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கும் சிவப்புச் சாயம் அடித்தார். டீ குடித்து வரும் நேரம் விட்டுவிட்டு, மேலே இருந்த சாயத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு வெள்ளைப் பொடி ஸ்பிரே. வலது தண்டு வெள்ளையாகவே நின்றது. இடது தண்டில், மரை முடிந்து தண்டு ஆரம்பிக்கும் இடத்தில், ஒரு நிமிடம் கழித்து மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. பிறகு கொஞ்சம் தடித்தது, சுற்றளவில் கால் பங்கு இருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்தத் தண்டோடுதான் முந்தின டிசம்பரில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியிருந்தேன், பின் சீட்டில் பேத்தியோடு.

மாற்றுத் தண்டு சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிராக இருக்கும், பார்த்து வாங்க வேண்டும். ஒன்று 2,500 ரூபாய் என்று இடது பக்கத்துக்கே இரண்டு எடுத்தேன். நண்பரின் சாயச் சோதனையில் ஒன்றுதான் தேறியது. இன்னொன்றின் மரையில் துருக்குழி. பித்தளை டிரன்னியனையும் நைலான் புஷ்களையும் இங்கிலாந்திலிருந்து தருவித்தேன். ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் இவை பொது, ஸ்பிட்ஃபயருக்கு உலகமெங்கும் ரசிகர்கள் இருப்பதால் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தபாலும் சுங்கமும் சேர்த்து இரண்டு பக்கத்துக்கும் 15,600 ஆனது. உள்ளூர் லேத்தில் கன்மெட்டலில் கடைந்து தருகிறேன் என்று ஒருவர் 3,000 சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. சிவப்புக் கோட்டைப் பார்த்தபிறகு அந்த ஆசை போய்விட்டது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தண்டைக் கட்டைக்குள் கடைசி வரை திருகிவிட்டு, அப்படியே விடக் கூடாது. கொஞ்சம் பின்னால் எடுத்துவிட்டு, ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பும்போது தண்டு அடியில் போய் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுப் போல்ட்டுக்கு ஒட்டாமல் இருக்கும் செப்புக் களிம்பைத் தாராளமாகத் தடவினேன், அடுத்தமுறை யாரும் அறுக்க வேண்டாம். எண்ணெய் விட்டபிறகு தராசு 900 கிராம் காட்டியது. தோள் இன்னமும் வலிக்கிறது, ஆனால் சட்டை மாட்டும்போது மட்டும்.

கிளட்ச் கதை வேறு மாதிரி போனது. அதே தராசைப் பெடலில் மாட்டி இழுத்தேன், 16 கிலோ. மகனின் ஹேட்ச்பேக்கில் 9. தம்பி மகன் மிதித்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் ஹெவியா இல்லையே பெரியப்பா" என்றான். அவன் காலுக்கு இல்லைதான். பெடல் அச்சைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டேன். கிளட்ச் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போயிருந்தது, அதை மாற்றினேன். சிலிண்டர்களுக்குப் புது ரப்பர் போட்டேன், எல்லாம் 1,350 ரூபாய். 13.5 கிலோவுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை, பாயும் அவ்வளவுதான் சார், ஸ்பிரிங் அப்படி என்றார். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைச் சின்னதாகப் போட்டால் பெடல் இலகுவாகும், ஆனால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். ஆக மிச்சக் கனம் என் முட்டியுடையது. அதற்கு வைத்தியம், கிரீன் சர்க்கிள் நெரிசலில் இந்த வண்டியை எடுக்காமல் இருப்பது. விடியற்காலையில் அமிர்தி பக்கம் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடுவேன். சித்திரை, வைகாசியில் அதுவும் இல்லை. 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் எனக்கும் தாங்காது, பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்து வண்டியும் நின்றுவிடும்.

விளக்கு விஷயத்தில் வண்டி, நான் இரண்டு பேருமே குற்றவாளி. கண்புரை இருந்தது, ஆபரேஷன் ஆனது. மறுமாதம் பார்த்தால் எதிரே வரும் பஸ்ஸின் போர்டு பளிச்சென்று தெரிகிறது, என் முன்னால் ரோடு மட்டும் அதே மஞ்சள் மங்கல். பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பின் முனையில் 10.3. நடுவில் இருந்த பழைய சுவிட்சும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் 2 வோல்ட்டுக்கு மேல் தின்றுகொண்டிருந்தன. இரண்டு ரிலே, தடித்த வயர், சட்டகத்துக்குப் புதிய எர்த், எல்லாம் 650 ரூபாய். பல்பில் இப்போது 12.1. தம்பி மகன் எல்இடி வாங்கி வந்திருந்தான், எரியவில்லை. என் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்த எல்இடி அதில் வேலை செய்யாது. அவனுக்கு அதில் வருத்தம். வண்டியைத் தாழ்த்த வேண்டும், சைலன்சரை மாற்ற வேண்டும் என்றும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். அவன் வயதில் நானும் இந்த வண்டிக்கு ஏர் ஹாரன் மாட்டியவன்தான், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

சீட்டை முழுக்க என் வயது என்று நினைத்திருந்தேன். இறங்கும்போது கதவுத் தூணைப் பிடித்து எழ வேண்டியிருந்தது. சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்த மரக்கட்டை வைத்துப் பார்த்தேன், தொடை ஸ்டீயரிங்கில் இடித்தது, எடுத்துவிட்டேன். பிறகு டேப் வைத்தேன். ஆள் இல்லாதபோது சீட்டின் உயரம் 17 அங்குலம், உட்கார்ந்தால் 13. பிரித்தால் அடியில் இருந்த ரப்பர்ப் பட்டைகள் தொங்கிக் கிடந்தன. நாடாக்கட்டில் பின்னுகிறவரிடம் கொடுத்து நைலான் நாடாவை இறுக்கிப் பின்னச் சொன்னேன். மேலே 40 அடர்த்தி ஃபோம், இரண்டும் சேர்த்து 1,900. உட்கார்ந்தால் 15.5-இல் நிற்கிறது.

உறையை ஆம்பூரில் போட்டேன். தோல் ஊரில் இருந்துகொண்டு ரெக்ஸினில் உட்காருவானேன். 1.3 மில்லிமீட்டர் தடிமனில் ஷூவுக்கான தோல், சதுர அடி 110 என்று 40 சதுர அடி, 4,400 ரூபாய். ஷூ மேற்பாகம் தைக்கும் ஒருவர் 2,500-க்குத் தைத்துக் கொடுத்தார். தையல் கார் சீட்டுக்காரர்களைவிட நெருக்கம். எதிர்பாராத லாபம், வேட்டியோடு உட்கார்ந்தால் தோலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகலாம், திரும்பி வெளியேயும் வரலாம். இடுப்பைத் தூக்கவே வேண்டாம். வெயிலில் நின்றால் மட்டும் மேலே ஒரு துண்டு விரிக்காமல் உட்காரக் கூடாது.

மொத்தம் 33,800 ரூபாய். பாய்க்குக் கொடுத்த கூலி தனி, அவர் எவ்வளவு வாங்கினார் என்பதை எழுதினால் கோபித்துக்கொள்வார். மறுபடி செய்வதானால் தராசை முதலில் எடுப்பேன், தோள் டாக்டரைப் பிறகு பார்ப்பேன். இரண்டு தண்டுகளையும் சாயச் சோதனை செய்யாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட மாட்டேன்.

காகித விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் ஐந்தைந்து வருடத்துக்குத்தான், டாக்டர் சான்றோடு. 15 வருடம் தாண்டிய காருக்கும் ஆர்சி ஐந்தைந்து வருடம்தான், ஆய்வோடு. எங்கள் இருவருக்கும் அடுத்த கெடு சில மாத இடைவெளியில் வருகிறது. 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிந்துகொள்ள 2021-ல் விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பரில் விஏ என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு என்பதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. அமிர்திக்குப் போவதற்கு நான் பேரணி என்று பெயர் வைக்க முடியாது. சாதாரணப் பதிவையே புதுப்பிக்கப் போகிறேன்.

லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போடாவிட்டால் வண்டியைத் தம்பி மகன் பெயருக்கு மாற்றுவதாகப் பேச்சு. அதுவரை சாவி என்னிடம், ஆயில் கன் அவனிடம். சித்திரை வெயிலுக்கு முன்பு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்பு ஒருமுறை, பழைய கியர் ஆயில் பிதுங்கிப் புதிது வெளியே வரும்வரை இரண்டு டிரன்னியனுக்கும் அடிக்க வேண்டும். போனில் நினைவூட்டல் போட்டுக்கொண்டான். கன்னில் கிரீஸ் நிரப்பினால் சைலன்சர் பேச்சே கிடையாது என்றும் சொல்லியிருக்கிறேன்.